உள்ளகக் குழு அமைப்பது எப்படி: முதல் ஆணையிலிருந்து முதல் புகார் முடியும் வரை

வேலை செய்யும் இடத்தில் நடக்கும் பாலியல் துன்புறுத்தல் பற்றிய புகார்களை விசாரிக்க ஒவ்வொரு நிறுவனமும் அமைக்க வேண்டியதுதான் உள்ளகக் குழு. கடலூரிலும் புதுச்சேரியிலும் ஒன்பது ஆண்டுகளாகப் பல நிறுவனங்களின் உள்ளகக் குழுக்களில் வெளி உறுப்பினராக, அதாவது அந்த நிறுவனத்தைச் சேராத உறுப்பினராக, இருந்து வருகிறேன். இறால் பதப்படுத்தும் இடம், துணிக்கடை, தனியார் மருத்துவமனை, மாத்திரை தயாரிக்கும் கம்பெனி என எல்லா வகையும் பார்த்தாயிற்று. பெரும்பாலான இடங்களில் காரியம் கெடுவது வரிசை தெரியாததால்தான். புகார் வந்த பிறகு குழுவை அமைக்கிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவரிடம் பேசிவிட்டு, அப்புறம் புகாரை எழுதி வாங்குகிறார்கள். இந்த இரண்டு தவறு நடந்தாலே போதும், புகார் கொடுத்த பெண் அடுத்த மாதம் வேலையில் இருக்க மாட்டார்.

பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான் எல்லோரும் போஷ் சட்டம் என்கிறோம். அந்தச் சட்டத்தின்படி குழுவை அமைத்து, முதல் புகாரை முறையாக முடிக்கும் வரை செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதியிருக்கிறேன். முதலாளி, எச்.ஆர்., 'உங்க பேரைக் கமிட்டியில போட்டிருக்கோம்' என்று திடீரென்று சொல்லப்பட்ட ஊழியர், மூவருக்கும் இது பொருந்தும்.

1. தலைகளை எண்ணுங்கள்

10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழு கட்டாயம். அந்த 10 என்பது ஆண், பெண் எல்லோரையும் சேர்த்த கணக்கு. 'எங்க கிட்ட லேடீஸ் நாலு பேர்தான் மேடம்' என்று சொல்லிக் குழு அமைக்காமல் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நாலு பெண்ணும் ஏழு ஆணும் இருந்தால் 11 பேர். குழு வேண்டும்.

சம்பளப் பட்டியலை மட்டும் வைத்து எண்ணாதீர்கள். ஒப்பந்ததாரர் அனுப்பும் துப்புரவுப் பணியாளர், தினக்கூலி, பயிற்சிக்கு வந்திருக்கும் நர்சிங் மாணவி, தகுதிகாண் பருவத்தில் இருப்பவர், சம்பளம் இல்லாமல் வேலை பழகுபவர், எல்லோரும் சட்டத்தின் பார்வையில் ஊழியர்கள்தான். புகார் கொடுக்க ஊழியராக இருக்கவே வேண்டும் என்றும் இல்லை. உங்கள் இடத்துக்கு வந்த வாடிக்கையாளரோ நோயாளியோ கூடக் கொடுக்கலாம்.

கிளை இருந்தால் கிளைக்குத் தனிக் குழு. சென்னைத் தலைமையகத்தில் ஒரு கமிட்டி இருக்கிறது, கடலூர் கிளைக்கும் அதுவே போதும் என்பது தவறு. இங்கே பில் போடும் பெண் புகாரோடு சென்னைக்குப் போக மாட்டார். அதனால்தான் ஒவ்வொரு அலுவலகத்துக்கும் தனியாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

2. வெளி உறுப்பினரை முதலில் தேடுங்கள்

எல்லோரும் இதைக் கடைசியில்தான் செய்கிறார்கள். உள்ளே இருக்கும் மூன்று பேரை ஐந்து நிமிடத்தில் முடிவு செய்துவிடலாம். வெளியாளைத் தேட ஒரு மாதம் கூட ஆகும். வெளியாள் இல்லாத குழு சட்டப்படி அமைந்த குழு ஆகாது. அப்படிப்பட்ட குழு விசாரித்துக் கொடுத்த அறிக்கை, மேல்முறையீட்டில் இந்த ஒரு காரணத்துக்காகவே விழுந்துவிடலாம்.

பெண்கள் நலனுக்காக வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்தவராகவோ, பாலியல் துன்புறுத்தல் தொடர்பான விஷயங்களில் பழக்கம் உள்ளவராகவோ அவர் இருக்க வேண்டும். தொழிலாளர் சட்டம் பார்க்கும் வழக்கறிஞர், நீண்ட நாள் சமூகப்பணியில் இருப்பவர் ஆகியோரைக் கேட்டுப் பார்க்கலாம். கம்பெனியின் ஆடிட்டரையோ, முதலாளியின் மைத்துனியையோ போடாதீர்கள். வெளியாள் எதற்கு? உள்ளே இருக்கும் யாருக்கும் பயப்படாமல் ஒருவர் கேள்வி கேட்க வேண்டும் என்பதற்காக. முதலாளியிடம் மாதா மாதம் காசு வாங்குபவரால் அதைச் செய்ய முடியாது.

விதிகளின்படி குழு நடவடிக்கை நடக்கும் நாளுக்கு 200 ரூபாய் படியும் பயணச் செலவும் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் கொடுக்கத் தடை இல்லை. எவ்வளவு என்பதை முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். விசாரணை நடுவில் பணப் பேச்சு வந்தால் அசிங்கம்.

3. அப்புறம் தலைவர், உறுப்பினர்கள்

குழுத் தலைவர் அந்த இடத்தில் மூத்த பொறுப்பில் இருக்கும் பெண்ணாக இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால், அதே முதலாளியின் வேறு கிளையிலிருந்தோ வேறு அலுவலகத்திலிருந்தோ ஒருவரைக் கொண்டு வரலாம். ஆண் ஒருவரைத் தலைவராகப் போட முடியாது.

ஊழியர்களில் குறைந்தது இரண்டு பேர் உறுப்பினர்கள். வெளியாளையும் சேர்த்து மொத்தக் குழுவில் பாதிப் பேராவது பெண்கள். பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மிகக்கூடாது.

இங்கே என் யோசனை ஒன்று. ஒருவரையாவது ஷாப் ஃப்ளோரிலிருந்து எடுங்கள். பேக்கிங் வரிசையில் நிற்பவர், வார்டில் இரவுப் பணி பார்ப்பவர், கவுண்டரில் நிற்பவர், இப்படி ஒருவர். எல்லா உறுப்பினரும் ஏ.சி. அறைக்குள் இருந்தால், வெளியே நிற்கும் பெண் அந்தக் கதவைத் தட்டவே மாட்டார். புகார் கொடுக்கும் முன்பு பெண்கள் முதலில் பேசுவது தெரிந்த முகத்திடம்தான்.

4. ஆணையை எழுதித் தேதி போடுங்கள்

குழு வாய்மொழியாக அமைவதில்லை. முதலாளி கையெழுத்திட்ட எழுத்துப்பூர்வமான ஆணை வேண்டும். அதில் உறுப்பினர் பெயர், பொறுப்பு, தொடர்பு எண், பதவிக்காலம் தொடங்கும் நாள், முடியும் நாள் எல்லாம் இருக்கட்டும். ஒவ்வொரு உறுப்பினரிடமும் ஒரு நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்குங்கள். தன் பெயர் கமிட்டியில் இருப்பதே தெரியாத உறுப்பினரை ஒரு துணிக்கடையில் சந்தித்தேன். இன்ஸ்பெக்ஷனுக்காகப் போட்ட பெயர் அது.

மூன்று ஆண்டு முடியும் தேதியை நாட்காட்டியில் இப்போதே குறித்து வையுங்கள். காலாவதியான குழுவிடம் புகார் வந்தால், அவசர அவசரமாகப் புதுக் குழு அமைக்க ஓட வேண்டியிருக்கும்.

மத்திய அரசின் ஷீ-பாக்ஸ் இணையதளத்திலும் குழுவின் விவரங்களைப் பதிந்துவிடுங்கள். பெண்கள் அதன் வழியாகவும் புகார் அனுப்பலாம். அப்படி வருவதைக் கவனிக்க ஒரு ஆள் வேண்டும்.

5. எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுங்கள்

ஆணையையும், இந்தச் சட்டத்தின் கீழ் என்ன தண்டனை என்பதையும் எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டும் என்பது சட்டம். தமிழில் ஒட்டுங்கள். இந்தி பேசும் வெளிமாநிலப் பெண்கள் வேலை செய்தால் இந்தியிலும் ஒன்று. வருகைப் பதிவு வைக்கும் இடம், சாப்பாட்டு அறை, பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறம் ஆகியவை நல்ல இடங்கள். கழிப்பறைக் கதவை நான் வற்புறுத்துவேன். அங்கேதான் யாரும் பார்க்காமல் தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொள்ள முடியும்.

விழிப்புணர்வு வகுப்பு நடத்துவதும் முதலாளியின் கடமை. ஷிஃப்டு நேரத்துக்குள் நடத்துங்கள். வேலை முடிந்து பஸ் பிடிக்க நிற்பவர்களை உட்கார வைத்தால் யார் காதிலும் எதுவும் ஏறாது. எவையெல்லாம் பாலியல் துன்புறுத்தல் என்பதை நேராகச் சொல்லுங்கள்: விருப்பமில்லாத தொடுதல், பாலியல் இணக்கத்தைக் கேட்பது, ஆபாசமான பேச்சு, ஆபாசப் படம் காட்டுவது, இப்படிப்பட்ட பிற சொல்லோ செயலோ சைகையோ. 'ஒத்துக்கிட்டா நல்ல ஷிஃப்டு போடறேன்', 'இல்லேன்னா வேலை போயிடும்' என்ற மிரட்டலும் இதில் வரும்.

கம்பெனி வண்டியையும் வகுப்பில் குறிப்பிடுங்கள். கடலூரிலிருந்து ஆல்பேட்டை தாண்டி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் வழியாகப் புதுச்சேரி கம்பெனிகளுக்கு ஷிஃப்டு வேன்கள் போகின்றன. முதலாளி ஏற்பாடு செய்த வண்டியும் பணியிடம்தான். 'வேன்ல நடந்ததுக்கு நாங்க என்ன பண்ண முடியும்' என்று கேட்ட நிர்வாகத்திடம் சட்டத்தின் அந்தப் பிரிவைப் படித்துக் காட்டிய பிறகுதான் விசாரணையே தொடங்கியது.

6. புகாரை எழுதி வாங்குவது

புகார் எழுத்தில் வர வேண்டும். சம்பவம் நடந்த நாளிலிருந்து, தொடர் சம்பவங்கள் என்றால் கடைசிச் சம்பவத்திலிருந்து, மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்குள் முடியாமல் போனதற்குத் தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். நீட்டித்தால் காரணத்தைப் பதிவு செய்யுங்கள். ஆறு நகல்கள், ஆவணங்கள், சாட்சிகளின் பெயரும் முகவரியும் வேண்டும் என்று விதி சொல்கிறது. நகல் எடுக்கும் வேலையைக் குழு பார்த்துக்கொள்ளட்டும். அதற்காகப் புகாரைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

புகார் கொடுப்பவரால் எழுத முடியாவிட்டால் எழுத உதவுவது குழுவின் கடமை. அதை எப்படிச் செய்வது என்பதை ஒரு பெண்ணிடம்தான் கற்றுக்கொண்டேன். இறால் உரிக்கும் இடத்தில் வேலை செய்தவர். நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கிடந்து விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது, பேனாவைப் பிடிக்கவே சிரமப்பட்டார். நானே எழுதுகிறேன் என்று வாங்கி எழுதினேன். 'மேற்பார்வையாளர் என் கையைத் தொட்டார்' என்று எழுதிப் படித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, 'அக்கா, தொட்டாருன்னு எழுதாதீங்க. பிடிச்சு இழுத்தாரு. வளையல் உடைஞ்சுது' என்றார்.

எனக்கு நாகரிகமாகத் தோன்றிய சொல், நடந்ததைப் பாதியாக்கிவிட்டது. அன்றிலிருந்து அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே எழுதுகிறேன், கெட்ட வார்த்தையாக இருந்தாலும். எழுதி முடித்ததும் மெதுவாகப் படித்துக் காட்டி, திருத்தச் சொல்லி, அப்புறம்தான் கையெழுத்து. கையெழுத்துப் போடத் தெரியாதவர் என்றால் கைரேகை, பக்கத்தில் இரண்டு பேரின் சாட்சிக் கையெழுத்து.

நாள், நேரம், இடம், யார் பக்கத்தில் இருந்தார்கள், இந்த நான்கையும் கேளுங்கள். தேதி நினைவில்லை என்றால், 'சம்பளம் போட்ட மறுநாள்', 'மாசி மகத்துக்கு முந்தின வெள்ளி' என்று அவர் சொல்வதை எழுதுங்கள். தேதியைப் பிறகு கண்டுபிடித்துக்கொள்ளலாம். 'அந்த நேரத்துல நீங்க ஏன் அங்க போனீங்க' என்று மட்டும் கேட்காதீர்கள்.

7. அன்றைக்கே செய்ய வேண்டியவை

முதலில் சி.சி.டி.வி. பதிவு. பல இடங்களில் சில வாரங்களில் பழைய பதிவின் மேலேயே புதுப் பதிவு ஏறிவிடும். விசாரணை தொடங்கும்போது கேட்டால் இருக்காது. புகார் வந்த அன்றே தேதியைச் சொல்லிப் பென் டிரைவில் எடுத்து, உறையில் போட்டு ஒட்டி, தலைவரிடம் வையுங்கள். வாட்ஸ்அப் செய்தி இருந்தால் ஸ்கிரீன்ஷாட்டோடு நிற்காமல், போனில் உள்ள செய்தியை அழிக்க வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள்.

அடுத்தது இடைக்கால நிவாரணம். புகார் கொடுத்தவர் எழுதிக் கேட்டால், அவரையோ எதிர்த்தரப்பையோ (குற்றம் சாட்டப்பட்டவரையோ) வேறு இடத்துக்கு மாற்றவும், வழக்கமான விடுப்புக்கு மேல் மூன்று மாதம் வரை விடுப்பு கொடுக்கவும் குழு பரிந்துரைக்கலாம். அவருடைய வேலையை மதிப்பிடும் பொறுப்பிலிருந்து எதிர்த்தரப்பை விலக்கவும் சொல்லலாம். முதலாளி அதை நிறைவேற்ற வேண்டும். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, பாதுகாப்பு என்ற பெயரில் அவர் கேட்காமலேயே அந்தப் பெண்ணை மாற்றுவது. பத்து வருடம் நின்ற கவுண்டரிலிருந்து குடோனுக்கு அனுப்பினால், கடை முழுக்க அதை அவருக்குக் கிடைத்த தண்டனையாகத்தான் பார்க்கும். அடுத்து யாரும் புகார் கொடுக்க வர மாட்டார்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் யாரை மாற்றுவது என்று முதலில் அவரைக் கேளுங்கள்.

மூன்றாவது, காவல் நிலையம் போக விரும்புகிறாரா என்று கேட்பது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 75ஆவது பிரிவின்படி பாலியல் துன்புறுத்தல் குற்றம். அவர் போக விரும்பினால் உதவ வேண்டியது முதலாளியின் கடமை. 'கமிட்டி விசாரிக்குது, போலீஸ் வேண்டாம்' என்று தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கலாம்.

8. சமரசம்: குழு வாயைத் திறக்கக் கூடாத இடம்

விசாரணைக்கு முன் சமரசம் செய்ய வழி உண்டு. ஆனால் அந்தப் பெண் கேட்டால் மட்டும். குழு அதை முன்மொழியக் கூடாது, 'பேசி முடிச்சுக்கலாமே, குடும்பம் இருக்கு' என்று கோடி காட்டவும் கூடாது. பணம் கொடுத்து முடிப்பது சமரசத்துக்கு அடிப்படையாக இருக்க முடியாது.

நம் ஊரில் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கும் பழக்கம் ஆழமாக இருப்பதால் இந்தப் படியில்தான் குழு அதிகம் வழுக்குகிறது. அவரே கேட்டு, என்ன வேண்டும் என்பதையும் அவரே சொன்னால், ஒப்பந்தத்தை எழுதி இருவருக்கும் நகல் கொடுங்கள். அதன் பிறகு விசாரணை தேவையில்லை. எதிர்த்தரப்பு அந்த ஒப்பந்தத்தை மீறினால் விசாரணை தொடங்கும்.

9. விசாரணை

நாள் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். புகார் வந்து 7 வேலை நாட்களுக்குள் எதிர்த்தரப்புக்கு நகல் போக வேண்டும். அவர் 10 வேலை நாட்களுக்குள் பதில் கொடுக்க வேண்டும். மொத்த விசாரணையும் 90 நாட்களுக்குள் முடிய வேண்டும்.

ஒவ்வொரு அமர்விலும் தலைவர் உட்பட மூன்று பேராவது இருக்க வேண்டும். தலைவர் வராத அன்று வாக்குமூலம் வாங்கினால் அது செல்லாது என்று பின்னால் வாதாடுவார்கள். எந்தத் தரப்புக்காகவும் வக்கீல் உள்ளே வரக் கூடாது. தொடர்ந்து மூன்று முறை காரணமில்லாமல் வராதவரின் வழக்கை அவர் இல்லாமலே முடிக்கலாம். ஆனால் அதற்கு 15 நாள் முன் எழுத்தில் அறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும்.

இருவரையும் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார வைக்காதீர்கள். தனித்தனி நேரம் கொடுங்கள். ஒருவர் சொன்னதை எழுத்தில் மற்றவருக்குக் கொடுத்து, கேள்விகளையும் எழுத்தில் வாங்கி, குழு கேட்கட்டும். எதிர்த்தரப்புக்கும் தன் பக்கத்தைச் சொல்ல முழு வாய்ப்பு வேண்டும். அதில் குறை வைத்தால் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த நியாயமும் மேல்முறையீட்டில் போய்விடும்.

யாரும் பார்க்கவில்லை என்றால் என்ன செய்வது என்று புதிய உறுப்பினர்கள் எப்போதும் கேட்பார்கள். இப்படிப்பட்டவை பெரும்பாலும் யாரும் இல்லாத இடத்தில்தான் நடக்கின்றன. குற்றவியல் நீதிமன்றம் போலச் சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட நிரூபணம் இங்கே தேவையில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு உண்டு என்று பாருங்கள். அன்று அவர் யாரிடம் அழுதார், யாருக்குப் போன் செய்தார், மறுநாள் ஷிஃப்டு மாற்றம் கேட்டாரா? அந்த இறால் கம்பெனி வழக்கில், உடைந்த வளையல் துண்டை ஒரு கூடவேலைக்காரி பெருக்கி எடுத்திருந்தார். அவருடைய சாட்சிதான் நின்றது.

நிரூபிக்க முடியாமல் போவது வேறு, பொய்ப் புகார் வேறு. ஆதாரம் போதவில்லை என்பதற்காக மட்டும் அந்தப் பெண் மேல் நடவடிக்கை எடுக்க முடியாது. வேண்டுமென்றே பொய் சொன்னார் என்பதைத் தனியாக விசாரித்து நிறுவினால்தான் அந்தப் பேச்சே வரும்.

10. அறிக்கை, அதன் பிறகு

இருவரும் ஊழியர்கள் என்றால், கண்டறிந்தவற்றின் நகலை இரண்டு பேருக்கும் கொடுத்து, அவர்கள் சொல்ல விரும்புவதைக் கேட்ட பிறகுதான் முடிவு. பலர் தாண்டிப் போகும் படி இது. விசாரணை முடிந்து 10 நாட்களுக்குள் அறிக்கை முதலாளிக்குப் போக வேண்டும், இரு தரப்புக்கும் கிடைக்க வேண்டும். முதலாளி 60 நாட்களுக்குள் செயல்பட வேண்டும். எழுத்துப்பூர்வ மன்னிப்பு, எச்சரிக்கை, சம்பள உயர்வை நிறுத்துவது, பதவி உயர்வை நிறுத்துவது, வேலை நீக்கம், சம்பளத்தில் பிடித்து இழப்பீடு கொடுப்பது வரை பரிந்துரைக்கலாம். எந்தத் தரப்பும் 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

பெயர், புகார், விசாரணை எதையும் வெளியே சொல்லக் கூடாது. உறுப்பினர் சொன்னாலும் 5,000 ரூபாய் அபராதம். கோப்பைப் பூட்டி வையுங்கள், கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் விசாரணைத் தேதி போடாதீர்கள்.

ஒவ்வொரு ஆண்டும் குழு ஆண்டறிக்கை கொடுக்க வேண்டும். வந்த புகார், முடிந்தவை, 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் உள்ளவை, நடத்திய வகுப்புகள், எடுத்த நடவடிக்கை ஆகியவை அதில் வேண்டும். புகார் இல்லை என்றாலும் 'இல்லை' என்று எழுதிக் கொடுங்கள். குழுவே அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. மீண்டும் செய்தால் இரட்டிப்பு, உரிமமே போகலாம்.

11. குழுவே இல்லாத இடம், முதலாளி மேலேயே புகார்

பத்துப் பேருக்குக் குறைவாக இருக்கும் கடையில் வேலை செய்பவர், வீட்டு வேலை செய்பவர், முதலாளி மேலேயே புகார் உள்ளவர் ஆகியோர் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். கடலூரில் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணிலும் கேட்கலாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். அதற்கு 15100.

கடலூரில் வீடு, புதுச்சேரியில் வேலை என்று இருப்பவர்கள் இங்கும் அங்குமாக அலைக்கழிக்கப்படுவதைப் பார்க்கிறேன். பணியிடம் எந்த மாவட்டமோ அந்த உள்ளூர்க் குழுவிடம்தான் போக வேண்டும், வீட்டு முகவரி பார்க்கத் தேவையில்லை. போகும்போது அடையாள அட்டையோ சம்பளச் சீட்டோ எடுத்துப் போங்கள். இரண்டும் இல்லாத சின்னக் கடையாக இருந்தால், சம்பளம் வந்த வங்கிக் குறுஞ்செய்தி, யூனிஃபார்மோடு எடுத்த போட்டோ, ஷிஃப்டு பற்றி முதலாளி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி என எது இருந்தாலும் கொண்டு போங்கள். கொடுத்த புகாரின் ஒரு நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் அந்த அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.